ராக்கெட் தனியாருடையது, பணம் யாருடையது?



2009ஆம் ஆண்டு ஜூலை மாதம் 14ஆம் தேதி. பசிபிக் பெருங்கடலில், மார்ஷல் தீவுகளைச் சேர்ந்த ஓமெலெக் என்னும் சின்னஞ்சிறு தீவிலிருந்து ஒரு ராக்கெட் கிளம்பியது. அதன் தலைப்பகுதியில் இருந்தது நம் நாட்டுத் துணைக்கோளான ரசாக்சாட். அதன் எடை ஏறக்குறைய 180 கிலோ. பூமியின் நடுக்கோட்டை ஒட்டிச் சுற்றிவந்து, நம் நாடு இருக்கும் வட்டாரத்தைப் படம் பிடிப்பது அதன் வேலை.

அந்தத் துணைக்கோளைச் சுமந்து சென்ற ராக்கெட்டின் பெயர் ஃபால்கன் 1. அதைச் செய்தது ஸ்பேஸ்எக்ஸ் என்னும் அமெரிக்கத் தனியார் நிறுவனம். அதுவரையில் ராக்கெட் என்றால் அமெரிக்க அரசாங்கம், ரஷ்ய அரசாங்கம் என்றுதான் நாம் கேள்விப்பட்டிருந்தோம். ஒரு முதலாளி கம்பெனி வைத்து, ராக்கெட் செய்து, லாரிக்கு வாடகை பேசுவதுபோல் வாடகை பேசி விண்வெளிக்குச் சாமான் ஏற்றுகிறார் என்றால் வியப்பாகத்தான் இருக்கிறது.

அந்த வியப்போடு ஒரு கேள்வியும் எழுகிறது. "தனியார் தனியார் என்கிறார்களே, அப்படியானால் பணம் முழுவதும் அந்த முதலாளியின் சொந்தப் பணமா? அரசாங்கம் இதில் பணம் போடுகிறதா? போடுகிறது என்றால், பணக்காரருக்கு எதற்கு மக்களின் வரிப்பணம்?" இது நியாயமான கேள்வி. வெட்டுக்காட்டில் வியர்வை சிந்திச் சம்பாதிப்பவர்களுக்கு இதைக் கேட்கும் உரிமை மற்றவர்களைவிடக் கூடுதலாகவே உண்டு. அதற்கு விடை தேடுவோம். இந்த உரையில் வெள்ளி என்று நாம் சொல்வதெல்லாம் அமெரிக்க வெள்ளி என்பதை மனத்தில் கொள்ளுங்கள்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைப் போக்கிக்கொள்வோம். விண்வெளி வேலையில் தனியார் இறங்கியது இப்போதுதான் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை அப்படி இல்லை. 1969இல் மனிதன் சந்திரனில் கால் வைத்தான் அல்லவா? அவனை ஏற்றிச் சென்ற மாபெரும் ராக்கெட்டின் அடிப்பகுதியைச் செய்தது போயிங் நிறுவனம். சந்திரனில் இறங்கிய கலத்தைச் செய்தது கிரம்மன் நிறுவனம். இரண்டும் தனியார் நிறுவனங்களே. நாசா என்பது அமெரிக்க அரசாங்கத்தின் விண்வெளி அமைப்பு. என்ன செய்ய வேண்டும், எப்படிச் செய்ய வேண்டும் என்பதை நாசா சொல்லும். தனியார் செய்து கொடுப்பார்கள். செய்த பொருள் அரசாங்கத்துக்குச் சொந்தம். ஆகவே தனியார் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். மாறியது பணம் கொடுக்கும் முறை. அந்த முறையைப் புரிந்துகொண்டால் மற்றவை தாமே விளங்கும்.

அதற்கு நம் தோட்டத்து வேலையையே எடுத்துக்கொள்வோம். ஒரு கால்வாய் வெட்ட வேண்டும். அதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஆட்களை நாள் சம்பளத்துக்கு வைத்து வெட்டலாம். எத்தனை நாள் ஆகிறதோ அத்தனை நாளுக்கும் சம்பளம். மண்வெட்டி, வாளிச் செலவு எல்லாம் தோட்டத்தைச் சேர்ந்தது. மழை பெய்து வேலை நீண்டாலும், பாறை குறுக்கிட்டாலும், நட்டம் தோட்டத்துக்கு. மற்றொரு வழி, குத்தகைக்கு விடுவது. இவ்வளவு நீளம், இவ்வளவு ஆழம், இவ்வளவு வெள்ளி என்று முன்கூட்டியே பேசி முடித்துவிடுவது. மழையோ பாறையோ, அது குத்தகையாளரின் பாடு. சீக்கிரம் முடித்தால் இலாபமும் அவருக்கே.

நாசா நெடுங்காலம் நடத்தியது முதல் வகையை ஒத்தது. கம்பெனிக்கு ஆன செலவு முழுவதையும் அரசாங்கம் கொடுக்கும்; அதன்மேல் ஒரு பகுதியை இலாபமாகவும் கொடுக்கும். யாரும் செய்திராத வேலைக்கு இந்த முறை தேவையாகவும் இருந்தது. சந்திரனுக்குப் போக எவ்வளவு செலவாகும் என்று 1961இல் எந்தக் கம்பெனியால் துல்லியமாகச் சொல்லியிருக்க முடியும்? விலை பேசு என்றால் எவரும் முன்வந்திருக்க மாட்டார்கள். ஆனால் இந்த முறையில் ஒரு குறை உண்டு. வேலை நீண்டால் கம்பெனிக்கு நட்டம் இல்லை. ஆகவே சிக்கனமாகச் செய்யவேண்டும் என்ற அவசரமும் குறைவு.

இனி, மாற்றம் எப்படி வந்தது என்று பார்ப்போம். அமெரிக்கர்கள் 1981 முதல் விண்ணோடம் என்னும் கலத்தில் பறந்துவந்தார்கள். 2003ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் தேதி கொலம்பியா விண்ணோடம் பூமிக்குத் திரும்பும் வழியில் உடைந்து சிதறி, ஏழு வீரர்கள் மாண்டார்கள். அதற்கு அடுத்த ஆண்டு, விண்ணோடங்களை ஓய்வு பெறச் செய்வது என்று அமெரிக்க அரசாங்கம் முடிவு செய்தது. ஆனால் பூமிக்கு மேலே ஏறக்குறைய 400 கிலோமீட்டர் உயரத்தில் அனைத்துலக விண்வெளி நிலையம் சுற்றிக்கொண்டிருக்கிறது. அங்கே இருப்பவர்களுக்கு உணவும் தண்ணீரும் கருவிகளும் யார் கொண்டுபோய்க் கொடுப்பது?

2006இல் நாசா ஒரு புதிய ஏற்பாடு செய்தது. சரக்கு ஏற்றிச் செல்லும் ராக்கெட்டையும் கலத்தையும் தனியாரே வடிவமைக்கட்டும். அவர்களே சொந்தமாக வைத்துக்கொள்ளட்டும். உருவாக்கும் செலவில் ஒரு பங்கை அரசாங்கம் தரும். மீதியைக் கம்பெனி தன் கையிலிருந்தோ வெளியாரிடமிருந்தோ போட வேண்டும். அரசாங்கப் பணமும் மொத்தமாக வராது. வேலையைப் படிப்படியாகப் பிரித்து, ஒவ்வொரு படிக்கும் ஒரு தொகை என்று எழுதிவைத்தார்கள். படியை முடித்துக் காட்டினால் பணம். முடிக்காவிட்டால் பணம் இல்லை. வீடு கட்டுகிறவருக்கு அடித்தளம் போட்ட பிறகு ஒரு பங்கு, சுவர் எழுப்பிய பிறகு ஒரு பங்கு, கூரை போட்ட பிறகு ஒரு பங்கு என்று கொடுப்போமே, அதைப் போன்றதே இது.

இந்தக் கண்டிப்பு வெறும் எழுத்தளவில் நிற்கவில்லை. முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட இரண்டு நிறுவனங்களுள் ஒன்று ராக்கெட்பிளேன் கிஸ்லர். அதற்கு 20 கோடி வெள்ளிக்கு மேல் தருவதாக நாசா ஒப்புக்கொண்டிருந்தது. ஆனால் தன் பங்குக்குத் திரட்ட வேண்டிய பணத்தை அந்நிறுவனத்தால் திரட்ட முடியவில்லை. 2007இல் நாசா ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டது. அதுவரை முடித்த படிகளுக்காகக் கொடுத்திருந்தது சுமார் 3 கோடி வெள்ளி மட்டுமே. மிச்சப் பணம் 2008இல் ஆர்பிட்டல் சயன்சஸ் என்ற வேறொரு நிறுவனத்தைச் சேர்த்துக்கொள்ளப் பயன்பட்டது.

இரண்டாவது நிறுவனம்தான் ஸ்பேஸ்எக்ஸ். அதன் முதலாளி எலான் மஸ்க் தம் சொந்தப் பணத்தைப் போட்டு 2002இல் தொடங்கியது. ஆனால் அதன் ஆரம்ப நாள்களிலும் அரசாங்கத்தின் கை இல்லாமல் இல்லை. நாம் முதலில் சொன்ன ஓமெலெக் தீவு அமெரிக்க இராணுவத்தின் ஏவுதளப் பகுதியில் இருப்பது. அங்கிருந்து கிளம்பிய முதல் இரண்டு ராக்கெட்டுகளுக்கும் அமெரிக்கத் தற்காப்புத் துறையின் ஆராய்ச்சி அமைப்பே வாடிக்கையாளர். 2006, 2007, 2008 என்று வரிசையாக மூன்று ராக்கெட்டுகள் தோல்வியடைந்தன. 2008 செப்டம்பர் 28ஆம் தேதி நான்காவது ராக்கெட் வெற்றி பெற்றது. அடுத்து ஐந்தாவதாகப் பறந்ததுதான் நம் ரசாக்சாட்டை ஏற்றிச் சென்றது.

வெற்றி வந்தபோதிலும் கையில் பணம் இல்லை. கம்பெனி மூடும் நிலைக்கு வந்திருந்ததாக மஸ்க்கே பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார். அந்த 2008 டிசம்பர் 23ஆம் தேதி நாசா இரண்டு பெரிய ஒப்பந்தங்களை அறிவித்தது. விண்வெளி நிலையத்துக்குப் பன்னிரண்டு முறை சரக்கு கொண்டுபோக ஸ்பேஸ்எக்ஸுக்கு 160 கோடி வெள்ளி. எட்டு முறை கொண்டுபோக ஆர்பிட்டல் நிறுவனத்துக்கு 190 கோடி வெள்ளி. கம்பெனி பிழைத்தது. 2012 மே மாதம் ஸ்பேஸ்எக்ஸின் டிராகன் கலம் விண்வெளி நிலையத்தை அடைந்தது. தனியார் கலம் ஒன்று அங்கே போய்ச் சேர்ந்தது அதுவே முதல் தடவை. மறு ஆண்டு ஆர்பிட்டலின் சிக்னஸ் கலமும் போய்ச் சேர்ந்தது.

ஆக, அரசாங்கப் பணம் இங்கே மூன்று விதமாக வேலை செய்திருப்பதை நாம் காண்கிறோம்.

முதலாவது, விதைப்பணம். கலங்களை உருவாக்க ஸ்பேஸ்எக்ஸுக்கு நாசா கொடுத்தது 39 கோடியே 60 இலட்சம் வெள்ளி. ஆர்பிட்டலுக்கு 28 கோடியே 80 இலட்சம் வெள்ளி. அந்நிறுவனங்கள் தங்கள் பங்காகப் போட்டது அதைவிட அதிகம்.

இரண்டாவது, வாடிக்கை. கடை திறக்கும்போதே மாதாமாதம் சாமான் வாங்கப் பெரிய இடம் ஒன்று உறுதி சொல்லிவிட்டால், கடைக்காரர் துணிந்து முதல் போடுவார். கடன் கொடுப்பவரும் நம்பிக் கொடுப்பார். இது விண்வெளிக்கே உரிய புதுமை அன்று. 1925இல் அமெரிக்க அரசாங்கம், விமானத்தில் கடிதம் கொண்டுபோகும் வேலையைத் தனியார் நிறுவனங்களுக்குக் கொடுக்கச் சட்டம் செய்தது. அப்போது விமானத்தில் ஏறப் பயணிகள் மிகக் குறைவு. தபால் பணத்தை நம்பியே பல விமான நிறுவனங்கள் காலூன்றின.

மூன்றாவது, அறிவும் இடமும். டிராகன் கலம் பூமிக்குத் திரும்பும்போது காற்றோடு உராய்ந்து நெருப்பாய்ச் சுடுகிறது. அந்தச் சூட்டைத் தாங்கும் கேடயப் பொருள் நாசாவின் ஆய்வுக்கூடத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. அதைத் தழுவியே ஸ்பேஸ்எக்ஸ் தன் கேடயத்தைச் செய்தது. ராக்கெட் கிளம்பும் தளங்களும் அரசாங்கம் பல ஆண்டுகளுக்கு முன் கட்டியவை. சந்திரனுக்குப் போன வீரர்கள் கிளம்பிய 39ஏ என்ற தளத்தை 2014 முதல் அந்நிறுவனம் நாசாவிடம் குத்தகைக்கு எடுத்துப் பயன்படுத்துகிறது.

இந்த மூன்றாவது விதம் நமக்குப் பழக்கமானதே. நாம் வெட்டிய பால்மரங்களை நினைத்துப் பாருங்கள். அதிகப் பால் தரும் மர வகைகளை உருவாக்கியது 1925இல் தொடங்கிய ரப்பர் ஆராய்ச்சிக் கழகம். ஏற்றுமதியாகும் ரப்பர் மீது விதித்த வரிப்பணத்தில் அது நடந்தது. அங்கே பிறந்த ஆர்.ஆர்.ஐ.எம். 600 போன்ற வகைகளைப் பெரிய தோட்டக் கம்பெனியும் நட்டது, இரண்டு ஏக்கர் வைத்திருந்த சிறுதோட்டக்காரரும் நட்டார். பொதுப் பணத்தில் விளைந்த அறிவு தனியார் நிலத்தில் மரமாயிற்று.

சரி, இந்தப் புதிய முறையால் அரசாங்கத்துக்கு மிச்சம் உண்டா? 2011இல் நாசா ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தது. ஃபால்கன் 9 என்ற ராக்கெட்டை உருவாக்க ஸ்பேஸ்எக்ஸுக்கு ஆன செலவு சுமார் 30 கோடி வெள்ளி. அதையே பழைய முறையில் செய்திருந்தால் சுமார் 400 கோடி வெள்ளி ஆகியிருக்கும் என்று அந்தக் கணக்கு காட்டியது.

மனிதர்களை ஏற்றிச் செல்லும் வேலையையும் பார்ப்போம். 2011இல் விண்ணோடம் நின்றபின், அமெரிக்க வீரர்கள் ரஷ்யாவின் சோயுஸ் கலத்தில் இடம் வாங்கிப் போனார்கள். 2007இல் நம் நாட்டு டாக்டர் ஷேக் முஸாபர் போனதும் சோயுஸ் கலத்தில்தான். கடைசிக் காலத்தில் ஓர் இருக்கைக்கு 9 கோடி வெள்ளி வரை அமெரிக்கா கொடுக்க வேண்டியதாயிற்று. 2014இல் நாசா தனியார் இருவரிடம் நிலையான விலை பேசியது. பெயரும் புகழும் பெற்ற போயிங்கிற்கு 420 கோடி வெள்ளி; ஸ்பேஸ்எக்ஸுக்கு 260 கோடி வெள்ளி. குறைந்த விலை பேசிய ஸ்பேஸ்எக்ஸ் 2020 மே 30ஆம் தேதி இரண்டு வீரர்களை ஏற்றிக்கொண்டு கிளம்பியது.

போயிங்கின் ஸ்டார்லைனர் கலமோ 2024 ஜூன் மாதம்தான் முதன்முதலாக ஆட்களை ஏற்றிச் சென்றது. அதிலும் கோளாறு. சுனிதா வில்லியம்ஸ், புட்ச் வில்மோர் என்ற இருவரும் சில நாள்களில் திரும்ப வேண்டியவர்கள். கலம் வெறுமனே திரும்பியது. அவர்கள் 2025 மார்ச் மாதம் டிராகன் கலத்தில் வந்து சேர்ந்தார்கள். இந்தத் தாமதங்களால் போயிங்கிற்கு ஏற்பட்ட நட்டம் 150 கோடி வெள்ளிக்கும் மேல். விலை நிலையாகப் பேசியிருந்தபடியால் அந்த நட்டத்தைக் கம்பெனியே சுமந்தது. பாறை குறுக்கிட்டது, குத்தகையாளர் பாடு.

இதற்கு நேர்மாறாக, பழைய முறையிலேயே நாசா செய்துவரும் ஒரு பெரிய சந்திர ராக்கெட்டும் உண்டு. 2016இல் பறக்கும் என்றார்கள். 2022 நவம்பரில்தான் பறந்தது. அதன் முதல் நான்கு பயணங்களில் ஒவ்வொன்றுக்கும் 410 கோடி வெள்ளி ஆகும் என்று நாசாவின் தலைமைக் கண்காணிப்பாளரே 2022இல் கணக்குச் சொன்னார்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு, தனியாருக்குக் கொடுத்துவிட்டால் எல்லாம் நன்மையே என்று நாம் முடிவுகட்டிவிடக் கூடாது. மறுபக்கத்தையும் பார்ப்பது நம் கடமை.

நிலையான விலை என்று பேசிய பிறகும் போயிங்கிற்குக் கூடுதலாக 28 கோடியே 70 இலட்சம் வெள்ளி கொடுக்க நாசா ஒப்புக்கொண்டது. அதில் ஒரு பகுதி தேவையற்ற செலவு என்று 2019இல் அதே கண்காணிப்பாளர் அலுவலகம் குறை சொல்லியது. அரசாங்கத்துக்கு வேறு வழி இல்லை என்று தெரிந்துவிட்டால், குத்தகையாளர் விலையை ஏற்றிக் கேட்பது உலகம் அறிந்ததுதானே.

விபத்துகளும் இருக்கின்றன. 2014 அக்டோபரில் ஆர்பிட்டலின் ராக்கெட் கிளம்பிய சில விநாடிகளில் வெடித்தது. 2015 ஜூனில் ஸ்பேஸ்எக்ஸின் ராக்கெட் நடுவானில் சிதறியது. சில மாதங்கள் இரண்டு நிறுவனங்களாலும் சரக்கு அனுப்ப முடியவில்லை. ரஷ்யாவும் ஜப்பானும் அனுப்பிய சரக்குக் கலங்களே அப்போது கைகொடுத்தன.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரே ஆளை நம்பியிருக்கும் அபாயம். ஸ்டார்லைனர் தடுமாறியதால், அமெரிக்க மண்ணிலிருந்து விண்வெளி நிலையத்துக்கு ஆட்களை ஏற்றிச் செல்ல டிராகன் ஒன்றே இருந்த நிலை. 2025 ஜூன் மாதம் அமெரிக்க அதிபருக்கும் மஸ்க்குக்கும் வெளிப்படையாகச் சச்சரவு மூண்டது. அந்தக் கோபத்தில், டிராகன் கலங்களை ஓய்வுபெறச் செய்யப்போவதாக மஸ்க் அறிவித்தார். சில மணி நேரத்தில் அதை மீட்டுக்கொண்டார் என்பது உண்மைதான். ஆனால் ஒரு நாட்டின் விண்வெளி வேலை இரண்டு பேரின் வாய்ச்சண்டையில் தொங்கியதே, அதை மறக்க முடியுமா? ஊருக்கு ஒரே லாரிக்காரர் என்றால், அவர் கோபித்துக்கொண்ட நாளில் ஊரே நடக்க வேண்டியதுதான்.

நேயர்களே, நாம் தொடங்கிய கேள்விக்கு இப்போது வருவோம். பணக்காரருக்கு எதற்கு மக்களின் வரிப்பணம்? விடை இதுதான்: வரிப்பணம் நன்கொடையாகப் போனால் அந்தக் கேள்வி முழுக்க முழுக்கச் சரி. வேலைக்குக் கூலியாகப் போனால், கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. எந்த வேலைக்குப் பணம்? வேலை முடிந்த பிறகா, முன்னதாகவா? நட்டம் வந்தால் யார் தலையில்? ஒருவர் விழுந்தால் தாங்குவதற்கு இரண்டாமவர் இருக்கிறாரா? கணக்கைச் சரிபார்த்து ஊரறியச் சொல்ல ஒருவர் இருக்கிறாரா? இந்த ஐந்துக்கும் நல்ல விடை கிடைத்தால் அது நல்ல குத்தகை.

நம் ரசாக்சாட்டின் கதையும் இங்கே நினைவுக்கு வர வேண்டியது. ராக்கெட் தன் வேலையைச் சரியாகச் செய்து அதை விண்ணில் சேர்த்தது. ஆனால் துணைக்கோள் எதிர்பார்த்த காலம் உழைக்காமல் பழுதாகிப் போனது. 2011இல் வெளியான நம் நாட்டுத் தலைமைக் கணக்காய்வாளரின் அறிக்கை அதை எடுத்துக் காட்டியது. தோல்வி நேர்ந்ததே என்று வருந்துகிறோம். விண்வெளி வேலையில் தோல்வி எல்லா நாட்டுக்கும் உண்டு. ஆனால் அந்தத் தோல்வி மறைக்கப்படாமல் அறிக்கையில் ஏறியதே, அது நல்ல வழக்கம். அமெரிக்காவில் மிச்சப்பட்ட பணமும், வீணான பணமும் நமக்குத் தெரியவருவது அங்கேயும் கணக்குப் பார்ப்பவர்கள் எழுதிவைத்ததால்தான்.

பால் நிறுக்கும் இடத்தில் தராசின் முள்ளைக் கவனித்துப் பழகியவர்கள் நாம். கிராணி சொல்லும் எடையும் நம் வாளியில் இருக்கும் எடையும் ஒன்றா என்று பார்ப்பதை யாரும் நமக்குக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. அதே கண்ணோடு பொதுப் பணத்தையும் பார்க்கலாம். தோட்டத்துக்கு வரும் சாலையானாலும், பிள்ளைகளின் பள்ளிக்கூடக் கட்டடமானாலும், விண்வெளி ராக்கெட்டானாலும் கேட்க வேண்டியவை அந்த ஐந்து கேள்விகளே. இன்றிரவு சாப்பிட உட்காரும்போது உங்கள் பிள்ளைகளிடம் அவற்றைச் சொல்லிவையுங்கள். ராக்கெட் செய்யும் வேலைக்குப் போகிறவரும் அவர்களுள் இருக்கலாம். அதற்குக் கணக்குப் பார்க்கும் வேலைக்குப் போகிறவரும் இருக்கலாம். இரண்டு பேருமே நாட்டுக்குத் தேவை.

மீண்டும் அடுத்த உரையில் சந்திப்போம். வணக்கம்.